ஒரு கண்ணி அறுந்தால் அதன் சுமை எங்கே போகும்?

மின்கட்டமைப்பு, தொலைபேசி, இணையம் போன்ற பெரிய வலையமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கடும் சுமையைத் தாங்கி ஓடுகின்றன. பிறகு ஒருநாள் ஏதோ ஒரு சின்னக் கோளாறில் மொத்தமாகப் படுத்துவிடுகின்றன. இது எப்படி நடக்கிறது, எல்லா இடத்திலும் கொஞ்சம் கூடுதல் திறன் வைத்துவிட்டால் தடுத்துவிடலாமே என்பது கேள்வி.

கூடுதல் திறன் வேண்டும்தான். அது மட்டும் போதாது. வலையமைப்பு எவ்வளவு தாங்கும் என்று கேட்பதோடு நின்றுவிட்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். ஓர் உறுப்பு விழும்போது அது சுமந்துகொண்டிருந்தது யார் தலையில் போய் இறங்குகிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது மீதிப் பாதி. பெரிய சரிவுகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால், பெரும்பாலும் இந்த மீதிப் பாதியில்தான் காரியம் கெட்டிருப்பது தெரியும்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் நடந்த மின்தடையை எடுத்துக்கொள்வோம். சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. 61,800 மெகாவாட் சுமை அறுந்தது. அதன் வேரைத் தேடிப் போனால், ஒஹையோ மாநிலத்தில் உயரழுத்தக் கம்பிகளுக்கு அடியில் வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களிடம் போய்ச் சேருவோம்.

மதியம் 1:31-க்கு ஈஸ்ட்லேக் மின்நிலையத்தின் 5-ஆம் அலகு நின்றது. 2:14 வாக்கில் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. அது செயலிழந்ததே அறையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 3:05-க்கு சேம்பர்லின்–ஹார்டிங் என்ற 345 கிலோவோல்ட் தடம் மரத்தில் பட்டு டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டது. அப்போது அதில் ஓடிக்கொண்டிருந்தது அதன் வரம்பில் 44 சதவீதம்தான். அந்தச் சுமை பக்கத்துத் தடங்களுக்குப் போனது. கம்பியில் மின்னோட்டம் கூடினால் சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் தொய்ந்து தரையை நோக்கி இறங்கும். 3:32-க்கு ஹானா–ஜூனிபர் தடம் 88 சதவீதச் சுமையில் மரத்தைத் தொட்டது. 3:41-க்கு ஸ்டார்–சவுத் கேன்டன் தடம் 93 சதவீதத்தில் விழுந்தது. மூன்றில் எதுவும் தன் வரம்பைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் விழுந்தபோது அடுத்ததின் சுமையை ஏற்றிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

அதன் பிறகு கீழ்நிலையில் இருந்த 138 கிலோவோல்ட் தடங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 4:05:57-க்கு சாமிஸ்–ஸ்டார் தடம் டிரிப் ஆனது. இதில் மரமும் படவில்லை, எந்தப் பழுதும் இல்லை. அதுவரை ஒரு மணி நேரமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த சரிவு, அங்கிருந்து ஏழே நிமிடத்தில் எட்டு மாநிலங்களையும் ஒன்டாரியோவையும் அள்ளிக்கொண்டு போனது. 265 மின்நிலையங்களில் 508 அலகுகள் நின்றன.

விசாரணைக் குழு கணக்குப் போட்டுச் சொன்ன ஒரு விஷயம் என்னை இன்றும் உறுத்துகிறது. சாமிஸ்–ஸ்டார் விழுவதற்கு முன் கிளீவ்லாந்து–ஆக்ரன் பகுதியில் 1,500 மெகாவாட் சுமையை வேண்டுமென்றே துண்டித்திருந்தால் இந்தப் பெருஞ்சரிவைத் தவிர்த்திருக்கலாம் என்றார்கள். இழந்ததில் நாற்பதில் ஒரு பங்கு! சில லட்சம் பேருக்குக் கொஞ்ச நேரம் மின்சாரத்தை நிறுத்தியிருந்தால் மற்ற அனைவருக்கும் இருந்திருக்கும். ஆனால் யாரும் நிறுத்தவில்லை. நிலைமை தெரியாததால் நிறுத்தும் எண்ணமே எழவில்லை. தானாக நிறுத்தும் ஏற்பாடும் அந்த இடத்தில் இல்லை.

சாமிஸ்–ஸ்டார் ஏன் விழுந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. உயரழுத்தத் தடத்தைக் காவல் காக்கும் ரிலே, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கிறது. மின்னழுத்தம் தாழ்ந்து மின்னோட்டம் எகிறினால், எங்கோ ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டது என்று முடிவுகட்டித் தடத்தைத் துண்டிக்கும். இதில் மூன்றாம் மண்டலம் என்ற அமைப்பு, தன் தடத்தையும் தாண்டித் தொலைவில் நடக்கும் பழுதுக்கும் மாற்றுக் காவலாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், வலையமைப்பு தவிக்கும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்வதும் மின்னோட்டம் எகிறுவதும் இயல்பு. ரிலேயின் கண்ணுக்குக் கடும் சுமையும் பழுதும் ஒன்றாகவே தெரியும். ஆகவே மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்துத் தடத்தைக் கழற்றிவிடும். ரிலே கெட்டுப்போகவில்லை. எதற்காக வைத்தார்களோ அந்த வேலையைத்தான் செய்தது. ஒவ்வொரு ரிலேயும் தன் தடத்தைக் காப்பாற்றியது. அத்தனை தடங்களும் காப்பாற்றப்பட்ட பிறகு வலையமைப்பு இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவில் நடந்ததும் இதே கதைதான். 2012 ஜூலை 30 அதிகாலையில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் மூன்றாம் மண்டல ரிலேயால் டிரிப் ஆனது. பழுது எதுவும் இல்லை, சுமைதான். நாட்டின் மின்கட்டமைப்பில் வட மண்டலம் முழுவதும் இருண்டது. மறுநாள் மதியம் அதே தடம் மீண்டும் அதே விதமாக விழுந்தது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலங்களும் போயின. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது.

இனி இதன் பின்னால் இருக்கும் கணக்குக்கு வருகிறேன். சுமை மறுபங்கீடு என்பதை மிக எளிமையாகப் பிடித்துக் காட்டும் மாதிரி ஒன்று உண்டு: இழைக்கற்றை மாதிரி. 1945-இல் டேனியல்ஸ் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். ஒரு கயிற்றில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு வலு. இழை ஒன்று அறுந்தால் அதன் சுமையை மீதி அனைத்தும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இழைகளின் வலு 0 முதல் 1 வரை சீராகப் பரவியிருந்தால், ஆரம்பத்து இழை ஒன்றுக்கு 0.25 என்ற அளவு வரை கயிறு தாங்கும், அந்த எல்லையைத் தொடும்போது பாதி இழைகள் அறுந்திருக்கும். அதாவது முன்கூட்டியே நிறைய எச்சரிக்கை கிடைக்கிறது. இப்போது விதியை மட்டும் மாற்றுங்கள்: அறுந்த இழையின் சுமை பக்கத்து இழைகளுக்கு மட்டுமே போகட்டும். இழைகள் அவையேதான், மொத்த வலுவும் அதேதான். ஆனால் எங்காவது ஒரு சின்ன ஓட்டை விழுந்ததும் அதன் விளிம்பில் சுமை குவிந்து, ஓட்டை விரிந்து, கயிறு திடுமென அறுகிறது. கற்றை பெரிதாகப் பெரிதாக, இழை ஒன்றுக்கு அது தாங்கும் சராசரிச் சுமை குறைந்துகொண்டே போகிறது. பங்கிடும் விதி ஒன்றை மாற்றியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

உண்மையான வலையமைப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன, அவற்றில் எல்லாக் கணுக்களும், அதாவது தடங்கள் சந்திக்கும் புள்ளிகளும், சமம் இல்லை. 2002-இல் மோட்டர், லாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணினிச் சோதனை செய்தார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் அதன் அன்றாடச் சுமையைவிட ஒரு குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாகத் திறன் கொடுத்தார்கள். பிறகு ஒரு கணுவை நீக்கினார்கள். அதன் வழியாகப் போன போக்குவரத்து வேறு வழிகளைத் தேடும். அங்கே திறனை மீறிய கணுக்கள் விழும். அவற்றின் சுமை இன்னும் பரவும். ஏதோ ஒரு கணுவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. சுமையில் முதலிடத்தில் இருந்த ஒரே ஒரு கணுவை எடுத்தபோது, சுமை மிகவும் ஏற்றத்தாழ்வாகப் பரவியிருந்த வலையமைப்புகள் சிதறின. மேற்கு அமெரிக்க மின்கட்டமைப்பின் 4,941 கணுக்கள் கொண்ட வரைபடத்தில், ஒவ்வொரு கணுவுக்கும் அன்றாடச் சுமையைப்போல் இருமடங்கு திறன் கொடுத்திருந்தபோதும், மிச்சமிருந்த மிகப் பெரிய துண்டு முழு வலையமைப்பில் பாதிகூட இல்லை.

இதை அப்படியே நிஜ மின்கட்டமைப்பின் மீது பொருத்திப் பார்க்கக் கூடாது. அந்த மாதிரியில் சுமை மிகக் குறுகிய வழியில் போகிறது. நிஜ மின்சாரம் அப்படிப் போவதில்லை. கிர்க்காஃப் விதிகளின்படி எல்லா வழிகளிலும் மின்மறுப்புக்கு ஏற்பப் பிரிந்து பாயும், யாரும் அதைக் கைகாட்டித் திருப்பிவிட முடியாது. ஆனால் அடிப்படைப் பாடம் நிற்கிறது: எல்லோருக்கும் ஒரே சதவீதம் கூடுதல் திறன் என்பது பார்க்க நியாயமாகத் தெரிந்தாலும், பெரிய கணு விழும்போது கொட்டும் சுமைக்குப் பக்கத்துச் சின்னக் கணுவின் கூடுதல் எந்த மூலைக்கும் காணாது.

கூடுதல் திறன் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணம், அது கூடுதலாகவே இருப்பதில்லை. புதுத் தடம் போட்டதும் அதன் வழியாக அதிக மின்சாரம் விற்கப்படுகிறது. புது சர்வர் வைத்ததும் புது வேலை ஏறுகிறது. காலி இடம் இருப்பதைப் பார்த்து நிர்வாகத்துக்குக் கை துறுதுறுக்கும். 1984 முதல் 1998 வரையிலான வட அமெரிக்க மின்தடைப் பதிவுகளை ஆராய்ந்த காரெராஸ், டாப்சன் குழுவினர், பெரிய மின்தடைகள், பெரும்பாலானவை சராசரியை ஒட்டியே இருக்கும் என்னும் மணிவடிவப் பரவல் சொல்வதைவிட மிக அடிக்கடி நடப்பதைக் காட்டினார்கள். தேவை வளர்ந்து அமைப்பை விளிம்புக்குத் தள்ளுகிறது; மின்தடை வந்ததும் செலவுசெய்து சரிப்படுத்துகிறார்கள்; மீண்டும் தேவை அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இரண்டு இழுப்பும் சேர்ந்து அமைப்பை எப்போதும் விளிம்புக்கு அருகிலேயே வைத்திருக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இது சரியாகப் படுகிறது.

விளிம்புக்கு அருகில் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரிசைக் கோட்பாட்டில் ஒரு சின்னச் சூத்திரம் போதும். ஒரே சர்வர், வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேர்கின்றன. சர்வர் 50 சதவீதம் பிஸியாக இருந்தால், ஒரு வேலை உள்ளே நுழைந்து வெளியேறச் சராசரியாக, அதற்குத் தேவையான நேரத்தைப்போல் 2 மடங்கு ஆகும். 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90-இல் 10, 95-இல் 20, 99-இல் 100. சதவீதம் ஏறும்போது தாமதம் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, கடைசியில் செங்குத்தாக எழுகிறது. 90 சதவீதத்தில் நன்றாகத்தானே ஓடுகிறது, இன்னும் 5 சதவீதம் ஏற்றலாமே என்பவர் தாமதத்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்.

தாமதம் தன்னளவில் தொல்லைதான், அழிவு இல்லை. தாமதத்தைப் பார்த்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அழிவு இருக்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பின் வேகம், விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. இரண்டுக்கும் இடையே 400 கஜ தூரம்தான். கம்பி அறுபடவில்லை, முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாக்கெட்டுக்கு, அதாவது அனுப்பிய தரவுத் துண்டுக்கு, பதில் வரத் தாமதமானதும், அனுப்பிய கணினி அது தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பியது. உண்மையில் முதல் பாக்கெட் வழியில் வரிசையில் காத்திருந்தது. இப்படி ஒவ்வொருவரும் மறுபடி அனுப்ப, இணைப்பு முழுக்க ஒரே பாக்கெட்டின் நகல்கள். வேலை நடக்கிறது, பயன் இல்லை.

வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வு இன்றைய இணையத்தின் அடித்தளம். பழைய பாக்கெட் ஒன்று வலையமைப்பைவிட்டு வெளியேறிய பிறகே புது பாக்கெட்டை உள்ளே விடு. பாக்கெட் தொலைந்தால் அனுப்பும் அளவைச் சட்டென்று பாதியாகக் குறை. பிறகு மெல்ல மெல்ல ஏற்று. இறங்குவது வேகமாக, ஏறுவது நிதானமாக. கம்பியைத் தடிப்பாக்காமல், நெரிசலைக் கண்டதும் ஒவ்வொரு கணினியும் தானே பின்வாங்கும்படி செய்தார். உலகம் முழுவதும் மையக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் இத்தனை கணினிகள் ஒரே வலையமைப்பைப் பகிர்ந்துகொள்ள முடிகிறதென்றால், இந்தப் பின்வாங்கும் பழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. மனிதர்கள் வடிவமைத்த விதிகளில் மிக அழகான ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே தவறு மென்பொருளின் மேல்தளங்களில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கோரிக்கை தோற்றால் மூன்று முறை முயல் என்று எழுதுவது நல்ல பழக்கமாகத் தெரியும். நான்கு அடுக்குகள் ஒன்றையொன்று கூப்பிடும் அமைப்பில் ஒவ்வொரு அடுக்கும் மூன்று முறை முயன்றால், மேலே ஒரு பயனர் தட்டியது அடியில் இருக்கும் தரவுத்தளத்தில் 81 தட்டாக வந்து விழும். அது தவிக்கும்போதுதான் இந்தப் பெருக்கம் முழுதாக நடக்கும் என்பதுதான் கொடுமை.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். விநாடிக்கு 1,000 கோரிக்கை தாங்கும் சேவை ஒன்று. வழக்கமாக வருவது 800. ஒரு நிமிடம் நெட்வொர்க் தடுமாறி வரிசை நீண்டுவிட்டது. எல்லாக் கோரிக்கையும் டைம்அவுட் ஆகிறது, அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் கிடைக்காமல் தோற்கிறது. ஒவ்வொன்றும் மூன்று முறை வருகிறது. இப்போது வருவது 2,400. சர்வர் முழுமூச்சாக 1,000-க்குப் பதில் தயாரிக்கிறது. ஆனால் அந்தப் பதில் போய்ச் சேரும்போது கேட்டவர் காத்திருந்து அலுத்து விலகியிருப்பார். நெட்வொர்க் சரியான பிறகும் இது தீராது. 800-ஐ நன்றாகச் சமாளித்துக்கொண்டிருந்த அதே சேவை, இப்போது வருகை, மூன்று மடங்கானாலும் 1,000-ஐத் தாண்டாதபடி, 333-க்குக் கீழே இறங்கினால்தான் எழுந்திருக்கும். ஒரே சுமையில் இரண்டு நிலைகள்: ஒன்றில் நலமாக ஓடும், மற்றதில் விழுந்தே கிடக்கும். விழ வைத்த காரணம் போனாலும் விழுந்த நிலை போகாது. காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் மணிக்கணக்கில் தேடுவார்கள். அந்தக் காரணம் எப்போதோ மறைந்திருக்கும்.

2015 செப்டம்பர் 20 அதிகாலையில் அமேசானின் டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையில் நடந்தது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2:19-க்கு நெட்வொர்க்கில் ஒரு சிறு தடங்கல். சேமிப்பு சர்வர்கள் பல ஒரே நேரத்தில், தாங்கள் எந்தத் தரவுக்குப் பொறுப்பு என்று மையச் சேவையைக் கேட்டன. அந்தப் பதில்களின் அளவு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்திருந்ததால் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. பதில் கிடைக்காத சர்வர்கள் தம்மைத்தாமே விலக்கிக்கொண்டு மறுபடி மறுபடி கேட்டன. பொறியாளர்கள் கூடுதல் திறன் சேர்க்கப் போனார்கள். சேர்க்கும் கட்டளையை ஏற்கக்கூட மையச் சேவைக்கு மூச்சு இல்லை. கடைசியில் 5:06-க்கு அதற்கு வரும் கோரிக்கைகளையே நிறுத்திவைத்தார்கள். அதன் பிறகுதான் திறனைச் சேர்க்க முடிந்தது. 7:10 வாக்கில் சேவை திரும்பியது. கூடுதல் திறன் தீர்க்காதா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது. திறன் சேர்ப்பதற்கே முதலில் சுமையை இறக்க வேண்டியிருந்தது.

தாங்கி நின்ற வலையமைப்புகளையும் பார்க்க வேண்டும், அவை செய்திகளில் அவ்வளவாக வருவதில்லை. 2006 நவம்பர் 4 இரவு, ஜெர்மனியின் எம்ஸ் ஆற்றில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் கடந்து போவதற்காக, ஆற்றின் குறுக்கே போகும் 380 கிலோவோல்ட் தடத்தை 9:38-க்கு அணைத்தார்கள். சுமை தெற்கே இருந்த தடங்களுக்கு நகர்ந்தது. அவற்றில் லாண்டஸ்பெர்கன்–வேரன்டார்ஃப் தடம் வரம்பை நெருங்கியது. அதன் இரு முனைகளும் இரு வேறு நிறுவனங்களிடம். பாதுகாப்பு வரம்புகளும் வேறு. ஒரு முனையில் இருந்தவர்களுக்கு மறுமுனையின் வரம்பு சரியாகத் தெரியாது. 10:10-க்கு துணைமின்நிலையத்தில் புதிதாக ஓர் இணைப்பைச் சேர்த்தார்கள். மின்னோட்டம் 80 ஆம்பியர் குறையும் என்று அனுபவத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். 67 ஆம்பியர் கூடியது. இரண்டே விநாடியில் தடம் டிரிப் ஆனது. புது இணைப்பு சேர்த்தால் நெரிசல் குறையும் என்ற உள்ளுணர்வு வலையமைப்புகளில் அடிக்கடி பொய்க்கும். சாலைகளில் இப்படி நேரலாம் என்பதை டீட்ரிச் பிராஸ் 1968-இலேயே நிரூபித்திருக்கிறார்.

அரை நிமிடத்துக்குள் ஐரோப்பியக் கட்டமைப்பு மூன்று துண்டுகளாகப் பிளந்தது. மேற்குத் துண்டில் உற்பத்தி போதவில்லை. உற்பத்தி தேவைக்குக் குறைந்தால் தாழும் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் விநாடிக்கு ஊசலாடும் எண்ணிக்கை, 50 ஹெர்ட்ஸிலிருந்து 49 ஹெர்ட்ஸ் வரை விழுந்தது. இங்கேதான் 2003-இலிருந்து கதை வேறு திசையில் திரும்புகிறது. அதிர்வெண் தாழ்வதைக் கண்ட ரிலேக்கள், முன்பே வகுத்த படிநிலைகளின்படி, யாரையும் கேட்காமல் சுமார் 17,000 மெகாவாட் சுமையைத் துண்டித்தன. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. ஆனால் துண்டுகள் மூன்றும் உயிரோடு இருந்தன. 38 நிமிடத்தில் மீண்டும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். பிளந்ததும் சுமையைக் கைவிட்டதும்தான் அதைக் காப்பாற்றின.

துண்டாகப் பிளக்கும் இடத்தை முன்பே அமைத்து வைப்பது இன்னும் நல்லது. 2003-இல் ஒன்டாரியோ இருண்டபோது பக்கத்து கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் இருந்தது. 2012-இல் இந்தியாவின் மூன்று மண்டலங்கள் விழுந்தபோது தென் மண்டலம் நின்றது. இரண்டுக்கும் ஒரே காரணம்: அண்டையோடு அவற்றை இணைத்தவை நேர்மின்னோட்ட இணைப்புகள். மாறுமின்னோட்டத் தடத்தில் அக்கம்பக்கத்துப் பற்றாக்குறை விநாடிக்குள் தானாகப் பாய்ந்து வரும். நேர்மின்னோட்ட இணைப்பில் எவ்வளவு கொடுப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். மென்பொருளில் ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்ற பெயரில் எழுதுவதும் இதையே செய்கிறது: எதிர்முனை தவிக்கிறது என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் கூப்பிடுவதையே நிறுத்து.

சுமையைக் கைவிடுவதைப் பற்றிச் சுலபமாகப் பேசிவிடக் கூடாது. 2021 பிப்ரவரி 15 அதிகாலையில் டெக்சாஸ் கட்டமைப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.302 வரை சரிந்தது. 59.4-க்குக் கீழே 9 நிமிடம் நீடித்திருந்தால் ஜெனரேட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ள விலகத் தொடங்கியிருக்கும். 4 நிமிடத்துக்கும் சற்று அதிகமாக அது அங்கே இருந்தது. சுமையை வெட்டிவெட்டித்தான் மீட்டார்கள். உச்சத்தில் வெட்டு 20,000 மெகாவாட்டைத் தொட்டது. கட்டமைப்பு பிழைத்தது. ஆனால் வெட்டு அவ்வளவு பெரிதாக இருந்ததால் சுழற்சி முறையில் மாற்றிவிட முடியாமல், இருட்டானவர்கள் உறைபனியில் நாள்கணக்காக இருட்டிலேயே கிடந்தார்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் என்று மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது 246 பேர். வெட்டப்பட்ட பட்டியலில் எரிவாயு வயல்களும் கம்ப்ரசர்களும் இருந்தன. முக்கிய நுகர்வோர் என்று யாரும் அவற்றைக் குறித்துவைக்கவில்லை. மின்சாரம் இல்லாமல் எரிவாயு குறைந்தது. எரிவாயு இல்லாமல் மின் உற்பத்தி மேலும் குறைந்தது. யாரை வெட்டுவது என்ற பட்டியல் அமைதியான நாளில், பொறுப்போடு, வருடாவருடம் சரிபார்த்துத் தயாரிக்க வேண்டிய ஒன்று. நெருக்கடியின் நடுவில் அதை எழுத முடியாது.

டெக்சாஸில் கண்ட இந்தப் பின்னலுக்குக் கணிதப் பின்னணியும் உண்டு. 2010-இல் புல்டிரெவ், ஹாவ்லின், ஸ்டான்லி முதலியோர், ஒன்றையொன்று நம்பி நிற்கும் இரு வலையமைப்புகளை ஆராய்ந்தார்கள். தனி வலையமைப்பில் கணுக்களை ஒவ்வொன்றாக நீக்கினால் அது படிப்படியாகத் தேய்கிறது. இரண்டு பின்னிக்கொண்டால், ஒரு புள்ளிவரை ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக உடைகிறது. தனித்தனியாக இரண்டுமே பத்திரம் என்று சான்றிதழ் வாங்கியிருக்கலாம்.

மோட்டர் 2004-இல் சொன்ன இன்னொரு யோசனை இங்கே பொருந்தும். பெரிய கணு விழுந்தவுடன், சரிவு பரவும் முன், சுமை குறைந்த கணுக்கள் சிலவற்றை நாமே நீக்கிவிட்டால் சரிவு வெகுவாகச் சுருங்குகிறது. விளிம்பில் இருக்கும் கணுக்கள் பிறருக்காகச் சுமப்பது கொஞ்சம். தாங்கள் ஏற்றிவிடும் சுமையோ அதைவிட அதிகம். அவை போனால் சுமை குறைகிறது, வழிகள் அப்படியே இருக்கின்றன. 1,500 மெகாவாட்டைத் துண்டித்திருக்கலாம் என்ற ஒஹையோ கணக்கு இதே உண்மையின் நடைமுறை வடிவம்.

கடைசியாக, விழுந்ததை எழுப்புவது. பல மணி நேரம் மின்சாரம் இல்லாத பகுதிக்கு மீண்டும் இணைப்புக் கொடுத்தால், போவதற்கு முன் இருந்ததைவிடச் சுமை அதிகமாக வரும். சாதாரண நாளில் குளிர்சாதனங்களும் ஹீட்டர்களும் மாறி மாறி ஓடும். ஒரு நேரத்தில் சிலவே ஓடிக்கொண்டிருக்கும். மின்தடைக்குப் பிறகு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். சர்வர்களிலும் இதுதான்: மறுதொடக்கம் செய்தால், அடிக்கடி கேட்கப்படும் பதில்களைக் கைவசம் வைத்திருக்கும் கேஷ் காலியாக இருக்கும், வழக்கமாகக் கேஷ் தடுத்துக்கொண்டிருந்த கோரிக்கைகள் அத்தனையும் தரவுத்தளத்தின் தலையில் இறங்கும். அதனால் மின்கட்டமைப்பை எழுப்புபவர்கள், வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமலே கிளம்பக்கூடிய, பெரும்பாலும் நீர்மின் அலகிலிருந்து தொடங்கி, சுமையைச் சிறு சிறு துண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அதிர்வெண் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுகிறார்கள். மென்பொருளில், வாசலில் பெரும்பகுதிக் கோரிக்கைகளை உடனடியாக மறுத்துவிட்டு, சர்வர் சமாளிக்கும் சில சதவீதத்தை மட்டும் உள்ளே விட்டு, கேஷ் நிரம்ப நிரம்பக் கதவை அகலமாக்க வேண்டும். மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதே விநாடியில் திரும்பி வராதபடி, காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, அதோடு ஆளுக்கு ஆள் மாறும் ஒரு தற்செயல் இடைவெளியும் சேர்க்க வேண்டும். உங்கள் சேவையின் கிளையன்ட் நிரலில், அதாவது கோரிக்கை அனுப்பும் பக்கத்து நிரலில், இந்த இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சேர்க்கப் புது சர்வர் எதுவும் வாங்க வேண்டியதில்லை.